விடை கொடுத்த பிறகும் காய்த்த கத்திரி

செடிகளுக்குப் பிரியாவிடை சொல்வதில் யூசா கியோஹாருவை அடித்துக்கொள்ள மொகாமி ஆற்றங்கரையில் ஆள் கிடையாது. வேலைக்காலம் முழுவதும் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்து, புறப்படும் வண்டிகளை அறிவித்தவர். வந்து சேரும் வண்டிகளை அறிவித்தது வேறொருவர். அதனாலோ என்னவோ, வழியனுப்புவது என்றால் அவர் குரலில் தனியாக ஒரு கனிவு ஏறிவிடும். ஓய்வு பெற்றபின் வழியனுப்ப வண்டி இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த மனிதருக்கு ஆற்றங்கரைத் தோட்டச் சங்கத்தின் தலைவர் பதவி கிடைத்தது. உடனே செடிகளை வழியனுப்ப ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பக்கத்து ஊர்களில் வெட்டிய மரத்துக்கும் பறித்த செடிக்கும் நினைவுக்கல் நட்டுக் கும்பிடுவது பழைய வழக்கம்தான். தோட்டத்து மூலையிலும் பாசி படிந்த கல் ஒன்று நின்றது. கியோஹாரு அதைத் தேய்த்துக் கழுவி அதற்கு ஒரு விழாவே எடுத்துவிட்டார். முதல் உறைபனிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என்று அவர் குறிக்கும் நாளில் கோயில் பிக்கு வந்து சூத்திரம் ஓதுவார். அப்புறம் தலைவர் பேசுவார். அப்புறம் எல்லாரும் ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டி, சேப்பங்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்ட குழம்பைப் பெரிய பானையில் கொதிக்கவைத்துச் சாப்பிடுவார்கள். செடிகளுக்காக அழுத கண்ணோடு கிழங்கை அள்ளி அள்ளித் தின்கிறோமே என்று எவருக்கும் உறுத்தியதில்லை. கிழங்கு முதல் நாளே தோண்டப்பட்டுவிட்டதால் அது கணக்கில் சேராது.

இந்த வருடப் பேச்சு முந்தைய வருடங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

“கத்திரிகளே, தக்காளிகளே, வெண்டைகளே, மிளகாய்களே,” என்று கைகூப்பி ஆரம்பித்தார் கியோஹாரு. “கோடை முழுக்க எங்களுக்காக உழைச்சீங்க. உங்களைப் பிடுங்கி எறிய எங்களுக்கு மனசு வரலை. நின்ன இடத்துலயே நில்லுங்க. உறைபனி வந்து உங்களை மெதுவா கூட்டிட்டுப் போகட்டும். நன்றி. போயிட்டு வாங்க.”

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் எடுத்த படத்தில் கன்னத்துக் கண்ணீர்த் துளி பளிச்சென்று விழுந்திருந்தது. கியோஹாரு அந்தப் பத்திரிகையைத் தேவைக்கு அதிகமாகவே வாங்கி வைத்துக்கொண்டார்.

இந்த விழாவுக்கு ஒரு சட்டமும் உண்டு. அதுவும் அவர் போட்டதுதான். முள்ளங்கி, முட்டைக்கோஸ், வெங்காயத்தாள் போன்றவற்றை உறைபனி ஒன்றும் செய்யாது, அவற்றை எப்போது வேண்டுமானாலும் பறிக்கலாம். ஆனால் விடை கொடுத்த கோடைச் செடிகளிலிருந்து அதன்பின் ஒரு பிஞ்சைக்கூடத் தொடக் கூடாது. வாசல்வரை வந்து வழியனுப்பிய விருந்தாளியின் பைக்குள் கைவிட்டுத் துழாவுவது மாதிரி அது, என்று கூட்டத்தில் விளக்கினார். மீறினால் சங்கம் ஒதுக்கிய தோட்டத் துண்டு பறிபோகும். எல்லாரும் கைதூக்கினார்கள். கையைத் தூக்காவிட்டால் பேச்சு இன்னும் நீளும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

போன வருடம் அந்தச் சட்டத்தில் ஒருத்தி மாட்டினாள். சலூன் வைத்திருக்கும் அன்சாய் தேருயோ, விழா முடிந்த மறுநாள் தன் செடியிலிருந்தே ஒரு கைப்பிடி மிளகாய் பறித்துவிட்டாள். கியோஹாரு சங்கத்தின் கை ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு, எல்லார் முன்னிலையிலும், பெயரைச் சொல்லாமல் ஆளை மட்டும் பார்த்துக்கொண்டே, நன்றிகெட்டதனத்தைப் பற்றியும் திருட்டைப் பற்றியும் வெகுநேரம் பேசினார். அன்சாய் மண்வெட்டியைக் கொட்டகையில் சாத்திவிட்டு, துண்டு நிலத்தையும் விட்டுவிட்டுப் போனாள். இப்போது சலூன் வாசலில், மீன் வரும் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டிகளில் மிளகாய் வளர்க்கிறாள்.

இந்த வருடம் எல்லாம் முறைப்படி நடந்தது. உறைபனி மட்டும் வரவில்லை.

அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஆட்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடந்தார்கள். கோடை வெயிலில் சுருண்டு கிடந்த கத்திரிச் செடிகளுக்கு இந்த இதமான வெயில் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது. புதுத் துளிர் விட்டு, ஊதாப் பூப் பூத்து, கோலிக்குண்டுக்குக் கொஞ்சம் பெரிதான உருண்டைக் காய்களாகக் காய்த்துத் தள்ளின. அந்த ஊரில் உப்பில் ஊறப்போடுவதற்கென்றே வளர்க்கிற சின்ன ரகம் அது. கோடையில் இப்படி ஒரு காய் கண்ணில் படவில்லை.

துணைத் தலைவர் ஓத்தாகி, முன்னாள் தபால்காரர், தினமும் அந்த வரப்பு வழியாகத்தான் நடப்பார்.

“தலைவரே, உங்க கத்திரி தளதளன்னு இருக்கே.”

“அது போயாச்சு, ஓத்தாகி.”

“எங்க போச்சு? இங்கதான நிக்குது.”

“நாம வழியனுப்பியாச்சு. நம்மளப் பொறுத்தவரைக்கும் அது போயாச்சு.”

“சரி, சரி. போனது நல்லா காய்ச்சிருக்குன்னு சொல்ல வந்தேன், அவ்வளவுதான்.”

ஓத்தாகியின் தக்காளியும் போனபின் பழுத்துக்கொண்டுதான் இருந்தது. தோட்டம் முழுவதும் இறந்தவர்கள் இப்படி ஜோராக வாழ்ந்துகொண்டிருக்க, உயிரோடிருந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்கள்.

கியோஹாருவுக்கு வீட்டில் வேறு கவலை இருந்தது. அவர் மனைவி மிசாவோவுக்குக் கோடையில் அறுவை சிகிச்சை நடந்து, இரைப்பையில் பெரும் பகுதியை எடுத்திருந்தார்கள். எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டோம், இனிமேல் சாப்பிட்டுத் தேறுவது அவர் கையில்தான் இருக்கிறது என்றார் டாக்டர். மிசாவோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சி பசை மாதிரி இருக்கிறது என்பாள், மீன் இரும்பு வாடை அடிக்கிறது என்பாள், இரண்டு வாயில் கிண்ணத்தைத் தள்ளிவிடுவாள். மாதக் கடைசியில் பரிசோதனை. அதற்குள் எடை இன்னும் இறங்கினால் மறுபடியும் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துக் குழாய் வழியாகத்தான் உணவு. குழாய் போட்டால் நான் திரும்பி வரமாட்டேன், எனக்குத் தெரியும் என்று அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள். அதன்பிறகு கியோஹாருவுக்குத் தூக்கம் போயிற்று.

அந்தப் பயத்தில் மனிதர் அடியோடு மாறிவிட்டார். சோறு குழைந்தால் கிண்ணத்தை நங்கென்று வைக்கிற ஆள், இப்போது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பேசுகிற மாதிரி வீட்டுக்குள் பேசினார். செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தார். அவள் எது சொன்னாலும் சரி என்றார். பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு நல்ல புருஷன் என்று தோன்றும். மிசாவோவுக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒரு நாள் காலை அவள் போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்: “நம்ம கத்திரிக்கா ஊறப்போட்டுத் தாங்களேன். அது இறங்கும்னு தோணுது.”

பல மாதங்களுக்குப் பிறகு அவள் வாயால் கேட்ட முதல் சாப்பாடு. கியோஹாரு எழுந்து ஓடினார், தோட்டத்துக்கு இல்லை, கடைக்கு. விலை உயர்ந்த உப்புக் கத்திரிக்காய் ஒரு பொட்டலம் வாங்கி வந்து, தட்டில் அழகாக அடுக்கி வைத்தார்.

மிசாவோ ஒன்றைக் கடித்தாள், மென்றாள், காகிதத்தில் துப்பினாள்.

“இது கண்ணாடிக் கூடாரத்துக்குள்ள வளத்த காய். லாரியில வந்த களைப்பு இன்னும் போகல. நான் நம்ம கத்திரிக்கான்னுல்ல சொன்னேன்.”

“அது... விடை குடுத்தாச்சே, மிசாவோ.”

“காய்க்குதாமே. ஓத்தாகி பொண்டாட்டி சொன்னா.”

“காய்க்குதுதான். ஆனா விழா முடிஞ்சுபோச்சு. சட்டம் இருக்கு. அந்த அன்சாயம்மா விஷயத்துல நான் அவ்வளவு பேசிட்டு, இப்ப நானே போய்...”

மிசாவோ எழுந்து உட்கார்ந்தாள். அதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

“பீரோவுக்குப் பின்னாடி ஒரு படம் பாத்தேன்,” என்றாள். “என் படம். பெருசு பண்ணி, சாவு வீட்டுல வெக்கற மாதிரி கறுப்புச் சட்டம் போட்டு.”

கியோஹாரு பாயைப் பார்த்தார்.

“நல்ல படம்தான். வெந்நீர் ஊத்துக்குப் போனப்ப எடுத்தது. பக்கத்துல நின்ன எங்க அக்காவைத்தான் தோளோட வெட்டிட்டீங்க. அவ கை மட்டும் என் தோள்ல இருக்கு.”

“அது சும்மா... மாட்டி வைக்கலாம்னு...”

“பீரோவுக்குப் பின்னாடியா மாட்டுவாங்க? உங்களுக்கு எப்பவும் அவசரம். கத்திரிக்கும் அவசரம், எனக்கும் அவசரம். அது பாட்டுக்குக் காய்ச்சிட்டு நிக்குது. நான் பாட்டுக்குப் பசிக்குதுன்னு சொல்லிட்டிருக்கேன். நீங்க ரெண்டு பேரையும் வழியனுப்பிட்டுக் கைய கட்டிட்டு உக்காந்திருக்கீங்க.”

கோபமாகக்கூட அவள் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். கியோஹாரு தட்டிலிருந்த கடைக் கத்திரிக்காயை எல்லாம் அவரே தின்று தீர்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

பிக்கு ரியோஷுன் நாற்பதைத் தாண்டாதவர். ஒரு சாவு வீட்டிலிருந்து இன்னொரு சாவு வீட்டுக்கு ஸ்கூட்டரில் போகிற அவசரத்தில் ஹெல்மெட்டோடு நின்றிருந்தார். கியோஹாரு விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடிப்பதற்குள் பிக்கு ஸ்கூட்டரைக் கிளப்பிக் கிளப்பி இரண்டு முறை அணைத்துவிட்டார்.

“அதாவது, ஓதின சூத்திரத்தைத் திருப்பி எடுக்கணும்ங்கறீங்க.”

“அதுக்கு ஏதாவது முறை இருக்கா, சாமி?”

“இத்தனை சாவுக்கு ஓதியிருக்கேன். ரத்து பண்ணணும்னு ஒருத்தரும் வந்ததில்ல. அப்படி ஒரு மந்திரத்தை எழுதி வைக்க யாருக்கும் தோணலை போல.”

“அப்ப அந்தச் செடியெல்லாம் செத்ததா, இல்லையா?”

“நான் ஓதறவன். செத்தாச்சான்னு பாக்கறது டாக்டர் வேலை. நீங்க போயாச்சுன்னு சொன்னீங்க, நான் ஓதினேன்.” பிக்கு ஹெல்மெட்டைக் கழற்றிப் பளபளவென்ற தலையைத் தடவினார். “தலைவரே, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தலைய மழிக்கறது அன்சாயம்மாதான். ஒரு வருஷமா உங்க கதையக் கேட்டுட்டிருக்கேன். அந்தம்மா கையில கத்தி வேற இருக்கும், நான் அசையக்கூட முடியாது. நீங்க வழியனுப்பினது கத்திரிய மட்டுமில்ல. திருப்பிக் கூப்பிடறதா இருந்தா அங்கேருந்து ஆரம்பிங்க. எனக்கும் நிம்மதியா இருக்கும்.”

வீட்டுக்குத் திரும்பியபோது தொலைக்காட்சியில் மதியச் செய்தி ஓடியது. உள்நாட்டுப் பகுதிகளில் நாளை அதிகாலை உறைபனி விழும், பயிர்களைப் பாதுகாத்துக்கொள்ளவும் என்றாள் வானிலை சொல்லும் பெண். மிசாவோ படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆக, இன்னிக்கு ராத்திரிதான் நிஜமாவே போகுது,” என்றாள். பக்கத்தில் கஞ்சி ஆறிப்போய்க் கிடந்தது. அவள் தொட்டிருக்கவில்லை.

கியோஹாரு உட்காரவே இல்லை. போட்டிருந்த செருப்போடு திரும்பினார்.

அன்சாயின் சலூனில் வேறு ஆள் இல்லை. மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று வாசலிலேயே சொல்லிவிடத்தான் நினைத்தார். ஆனால் அந்தக் கடைக்குள் காலை வைத்த எவரும் நின்றுகொண்டு பேசிய வழக்கம் கிடையாது. வாய் திறப்பதற்குள் நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டிவிட்டாள். அதனால் அவர் கண்ணாடியில் தெரிந்த அன்சாயைப் பார்த்துத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. துணிக்குள் கை மாட்டிக்கொண்டதில் கும்பிடவும் முடியவில்லை. ஒலிபெருக்கி இல்லாமல் பேசிப் பழக்கமில்லாத விஷயம் வேறு. திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். மிசாவோ, கஞ்சி, குழாய், உறைபனி எல்லாவற்றையும் சொன்னார். படத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அன்சாய் சீப்பால் அவர் தலைமுடியைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் வெட்டினாள்.

“மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். போன வருஷம் அந்த மிளகாய எதுக்குப் பறிச்சேன்னு நீங்க கேக்கவே இல்லையே, தலைவரய்யா.”

கியோஹாரு, அவள் வீட்டிலும் யாரோ படுத்திருந்தார்கள் போல, நான்தான் கண்மூடித்தனமாகப் பேசிவிட்டேன் என்று மனதுக்குள் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டார்.

“எதுக்கு, அன்சாயம்மா?”

“ஒண்ணுக்கும் இல்ல. சிவப்பா இருந்துச்சு, வீணாப் போகுதேன்னு பறிச்சேன்.”

இன்னும் கொஞ்சம் முடி விழுந்தது.

“உங்க வீட்டுல உடம்பு சரியில்லாதவங்க இருக்காங்க, அதனால உங்களுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க வீட்டுல அப்ப எல்லாரும் கல்லு மாதிரி இருந்தாங்க. என் செடி, என் மிளகா. அதுக்குக் காரணம் வேணுமா? அதுக்குப் போய்த் திருடின்னீங்களே.”

“தப்புதான்.”

“இங்க சொல்லி என்ன பிரயோஜனம்? என்னைப் பத்திப் பேசினது இந்தக் கண்ணாடி முன்னாடியா?” துணியை அவிழ்த்து உதறினாள். ஒரு பக்கம் மட்டும் வெட்டியிருந்தது. “மிச்சத்த அப்புறம் வெட்டிக்கலாம். வாங்க, வெளிச்சம் இருக்கறப்பவே போவோம். கூடை நான் எடுத்துட்டு வரேன்.”

தோட்டத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். உறைபனி என்றதும் எல்லாரும் வந்திருந்தார்கள், வெங்காயத்தாளுக்கு மண் அணைக்கப் போகிறேன், முட்டைக்கோஸைப் பார்க்கப் போகிறேன் என்று ஆளுக்கொரு சாக்கு. ஆனால் கண்கள் எல்லாம் தக்காளியின் மேலும் மிளகாயின் மேலும் இருந்தன. தலைவரும் அன்சாயும் ஒன்றாக வருவதைப் பார்த்ததும், அதுவும் தலைவர் ஒரு பக்க முடியோடு வருவதைப் பார்த்ததும், பேச்சு நின்றது.

அன்சாய் நேரே கொட்டகைக்குள் போய் ஒலிபெருக்கியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

“இதுல சொல்லுங்க. போன வருஷமும் இதுலதான சொன்னீங்க.”

கியோஹாரு நினைவுக்கல்லின் பக்கத்தில் போய் நின்றார். நெகிழ்ச்சியான வார்த்தைகளுக்கு அவரிடம் எப்போதும் தட்டுப்பாடே இருந்ததில்லை, வந்து கொட்டும். இன்றைக்குத் தேடிப் பார்த்தார், ஒன்றுகூட அகப்படவில்லை. வாயில் வந்ததெல்லாம் பழைய வேலையின் பேச்சு.

“பயணிகளின்... உறுப்பினர்களின் கவனத்துக்கு. ஏற்கெனவே புறப்பட்டுவிட்டதாக அறிவிக்கப்பட்ட கத்திரி, தக்காளி, வெண்டை, மிளகாய் ஆகியவை இன்னும் புறப்படவில்லை. அறிவிப்பு முன்கூட்டியே கொடுக்கப்பட்டுவிட்டது. தவறுக்கு வருந்துகிறோம்.”

யாரோ இருமினார்கள்.

“போன வருடம் அன்சாய் அம்மாவைப் பற்றிக் கொடுக்கப்பட்ட அறிவிப்பும் தவறானது.”

“கடைசி வரிசைக்குக் கேக்கல,” என்றாள் அன்சாய்.

அவர் மறுபடி சொன்னார். ஆற்றின் அக்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“சட்டப்படி, பறிக்கிறவருடைய துண்டு நிலம் போகும். நான் பறிக்கப்போகிறேன். என் துண்டை அன்சாய் அம்மா எடுத்துக்கொள்ளட்டும்.”

இந்தக் கடைசி அறிவிப்பில் குரல் பழையபடி கனிய ஆரம்பித்தது. நல்லவேளையாக அன்சாய் ஒலிபெருக்கியை வாங்கி அணைத்துவிட்டாள். உங்க துண்டு நிழல் விழற இடம், எனக்கு என் துண்டுதான் வேணும் என்றாள். ஓத்தாகி முழுவதும் கேட்டு முடிக்கக்கூட இல்லை, சட்டைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தக்காளிப் பக்கம் நடந்துவிட்டார். இத்தனை வாரமாகப் பையில் கத்தரிக்கோலோடுதான் மனிதர் உலாவியிருக்கிறார். அவர் மட்டும் என்ன, கொஞ்ச நேரத்தில் பார்த்தால் எல்லார் இடுப்பிலிருந்தும் பைகள் கிளம்பின.

கியோஹாரு தன் கத்திரி வரிசையில் குனிந்தார். காம்பின் முள் விரலில் குத்தியது. வெயில் பட்டுக் காய்கள் வெதுவெதுவென்று இருந்தன. போன மாதம் இதே செடிகளைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர், அப்போது அவற்றில் ஒன்றைக்கூடக் கையால் தொட்டுப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. கூடை நிறையப் பறித்தார், பூவோடு இருந்த கிளையை மட்டும் விட்டுவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் மிசாவோ போர்வையைச் சுற்றிக்கொண்டு சமையலறை நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அங்கிருந்தபடி அதிகாரம் பண்ணினாள். காம்பை ஒட்ட வெட்டாதீங்க, உப்பைத் தூவாதீங்க, உள்ளங்கையில வெச்சுத் தேய்ங்க, நிறம் மங்காம இருக்கப் படிகாரம் ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகைன்னா ஒரு சிட்டிகை. கியோஹாரு சரி, சரி என்று மெதுவான குரலில் சொல்லியபடி எல்லாம் செய்து, மேலே பாரத்துக்கு ஒரு கல்லை ஏற்றி வைத்தார். அவரது ஒரு பக்க முடியைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஓத்தாகியின் மனைவி அதற்குள் ஃபோனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

காலையில் கூரைகள் வெளுத்துக் கிடந்தன. சொன்னபடி உறைபனி விழுந்திருந்தது. ஆற்றங்கரையில் செடிகள் கறுத்துத் தொங்கும், போய்ப் பார்க்கவேண்டியதில்லை. கியோஹாரு கல்லை இறக்கி, கத்திரிக்காயைக் கழுவிச் சின்னத் தட்டில் வைத்து, ஒரு கிண்ணம் சோறும் கொண்டுவந்து வைத்தார்.

மிசாவோ ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டாள். மொறுக்கென்று சத்தம் கேட்டது. வெகுநேரம் மென்றாள், விழுங்கினாள். அவர் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கொஞ்சம் சோறு எடுத்தாள். இன்னொரு காய் எடுத்தாள். மூன்றாவதையும் எடுத்தாள்.

கியோஹாருவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முழங்காலில் கையை ஊன்றி, முதுகை நிமிர்த்தி, ஒழுங்காக உட்கார்ந்துகொண்டார்.

“மிசாவோ,” என்றார், நிலையத்துக் குரலில். “இத்தனை வருஷமா நீ எனக்காக உழைச்சதுக்கு...”

“நிறுத்துங்க.”

அவர் நிறுத்தினார்.

“அந்தக் குரல்ல என்கிட்ட பேசாதீங்க. எனக்குக் கதி கலங்குது. கோடையிலேருந்து இந்த வீட்டுல ஒரு திட்டு விழல. எது சொன்னாலும் சரி, எது கேட்டாலும் சரி. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாக்கறேன், டாக்டர் உங்ககிட்ட மட்டும் ஏதோ சொல்லிட்டாரோ, என்கிட்ட மறைக்கிறீங்களோன்னு. சொன்னாரா?”

“இல்லவே இல்ல. சாப்பிட்டா போதும்னுதான் சொன்னார். சத்தியமா.”

“அப்ப திட்டுங்க.”

“என்னது?”

“என்னைத் திட்டுங்க. எப்பவும் போல.”

கியோஹாரு வாயைத் திறந்தார். எவ்வளவோ பேசிய வாய். சோறு குழைந்திருக்கிறதா என்று கிண்ணத்தைப் பார்த்தார், அதை வடித்தது அவரேதான். அறையைச் சுற்றிப் பார்த்தார். எதிரே அவள், எலும்பும் தோலுமாக, கன்னம் உப்பக் கத்திரிக்காயை மென்றுகொண்டு, காத்திருந்தாள்.

“கத்திரிக்காய,” என்று ஆரம்பித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். “கத்திரிக்காய இப்படியா நொறுக் நொறுக்குன்னு சத்தம் போட்டுத் தின்னுவே? தெருவுக்கே கேக்குது. மனுஷி மாதிரி சாப்பிடத் தெரியாதா?”

மிசாவோ திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.